இருபத்திரண்டு அடி

"என்னக்கா, பழைய ஃபிலிம் பார்க்கிறதுக்கு அவங்களே டிக்கெட் போட்டுக் கூப்பிடுறாங்களா?"

விசா பேப்பர்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே எங்கள் தெருக் கடைத் தம்பி கேட்டான். ஆமாம்ப்பா, ஆறு வாரம், தங்க ரூம், கைச்செலவுக்குப் பணம் என்றேன்.

"பார்த்துட்டு?"

"பார்த்ததைப் பத்திச் சொல்லணும்."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மிச்சச் சில்லறையை எண்ணிக் கொடுத்தான். ஏதோ மோசடியில் மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்திருப்பான்.

நான் படித்த ஆய்வாளர் இல்லை. வடபழனியில் ஒரு லேபில் பதினாறு வருஷம் நெகட்டிவ் கட்டிங் செய்தவள். எடிட்டர் பாசிட்டிவில் வெட்டி ஒட்டி முடித்ததைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஃபிலிம் ஓரத்தில் பொடியாக அச்சாகியிருக்கும் எண்ணை ஒப்பிட்டு, ஒரிஜினல் நெகட்டிவை வெட்டுவது என் வேலை. ஒரு ஃப்ரேம் தள்ளி வெட்டினால் போனது போனதுதான். வெள்ளைக் காட்டன் கையுறையோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுவோம். டிஜிட்டல் வந்தது, மேஜைகள் எடைக்குப் போயின. கேட்க ஆளில்லாமல் கிடந்த படங்களின் டப்பாக்களும் அதே தராசில் ஏறியதை நின்று பார்த்தேன். கறுப்பு வெள்ளைக்குத்தான் கிராக்கி. வெள்ளி அதில்தான் தங்கியிருக்கும்.

1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இன்று இல்லை. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படம் 'கீசக வதம்' இல்லை. ஏன் இல்லை என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தத் தராசுதான் ஞாபகம் வரும்.

கூப்பிட்டவர்கள் இதற்கு 'ரெசிடென்சி' என்று பெயர் வைத்திருந்தார்கள். 'உறைவிட ஆய்வு' என்று எழுதிப் பார்த்தேன், விடுதி வார்டன் நினைவு வந்தது. தங்கிப் பார்ப்பது என்றே வைத்துக்கொள்வோம். படங்களையும் ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வைத்திருக்கும் ஒரு காப்பகம், ஓர் ஆய்வாளரையோ கலைஞரையோ சில வாரமோ சில மாதமோ உள்ளே உட்கார வைக்கிறது. ஒரு மேஜை, பார்க்க ஒரு கருவி, சந்தேகம் கேட்க ஒரு காப்பாளர், ஓர் உதவித்தொகை. முடிவில் ஒரு பேச்சோ, கட்டுரையோ, படமோ. ஆம்ஸ்டர்டாமில் 'ஐ' திரைப்பட அருங்காட்சியகத்தில் இப்படி ஒரு திட்டம் உண்டு. ஹில்வர்சம் ஊரில் இருக்கும் நெதர்லாந்து ஒலி ஒளி நிறுவனத்தில் உண்டு. பெர்லினில் ஹாரூன் ஃபரோக்கி என்ற இயக்குநரின் பெயரிலேயே ஒன்று உண்டு. நான் போனது இவற்றில் எதுவும் இல்லை, நெதர்லாந்திலேயே வேறோர் இடம். பெயர் வேண்டாம், பின்னால் கொஞ்சம் குறை சொல்லப்போகிறேன்.

எதற்காக இவ்வளவு செலவு செய்து ஒருவரை உட்கார வைக்க வேண்டும்? காப்பகத்தில் எக்கச்சக்கமாக இருக்கிறது, அதைப் பார்க்க ஆள் இல்லை. ஜான் டெஸ்மெட் என்பவர் திருவிழாக்களில் கூடாரம் போட்டுப் பிழைத்து, பிறகு தியேட்டர் கட்டி, படங்களை வாங்கி வாடகைக்கு விட்ட டச்சுக்காரர். முதல் உலகப்போர் காலத்தோடு அந்த வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் மனிதர் எதையும் தூக்கிப் போடாதவர். அவர் 1956இல் இறந்தபின் 900க்கும் மேற்பட்ட படங்கள், போஸ்டர்கள், ரசீதுகள் என்று மொத்தமும் இன்றைய 'ஐ' அருங்காட்சியகத்தின் முன்னோடியிடம் வந்து சேர்ந்தன. 2011இல் யுனெஸ்கோ அதை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. அதே அருங்காட்சியகம் தலையும் வாலும் இல்லாத, பெயரே தெரியாத துண்டுகளையும் எறியாமல், எண் போட்டு வரிசையாக ஒட்டி வைக்கிறது. இதையெல்லாம் ஒவ்வொரு ஃப்ரேமாகப் பார்க்கச் சம்பளக்காரர்களுக்கு ஏது நேரம்? பட்டியலில் ஒரு வரி எழுதுவார்கள். 'தெரு. மாட்டு வண்டி. மக்கள்.' அதோடு அடுத்த டப்பா.

அந்த ஒரு வரி எவ்வளவு தவறாக இருக்க முடியும் என்பதற்கு ஏழு விநாடி போதும்.

நெதர்லாந்தில் நாஜிகள் நடத்திய வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் யூதர்கள் கிழக்கே அனுப்பப்பட்டார்கள். சுமார் 5,000 பேர் திரும்பினார்கள். 1944இல் முகாம் தளபதிக்குத் தன் முகாமைப் பற்றி ஒரு படம் எடுக்க ஆசை வந்தது. எடுத்தவர் ருடால்ஃப் பிரெஸ்லாவர், அங்கேயே கைதியாக இருந்த யூதப் புகைப்படக்காரர். படம் முடிக்கப்படவே இல்லை. சில மாதங்களில் அவரையும் அனுப்பிவிட்டார்கள், அவர் உயிரோடு திரும்பவில்லை. அந்தச் சுருள்கள் இன்று ஹில்வர்சம் காப்பகத்தில் இருக்கின்றன. அதில் ஒரு ஷாட். சரக்கு ரயில் பெட்டியின் கதவிடுக்கில் தலையில் துணி கட்டிய ஒரு சிறுமி வெளியே பார்க்கிறாள். ஏழு விநாடிதான். பதினாறு எம்எம் சுருளில் மூணு நாலு அடி நீளம். அரை நூற்றாண்டுக் காலம் புத்தகங்களிலும் டிவியிலும் அவளை 'பெயர் தெரியாத யூதச் சிறுமி' என்றே காட்டினார்கள்.

1992 டிசம்பரில் ஆட் வாகெனார் என்ற பத்திரிகையாளர் அவள் யாரென்று தேடத் தொடங்கினார். கையில் இருந்தது ரயில் பெட்டியின் எண்ணும் படத்தில் தெரிந்த சில தடயங்களும் மட்டும்தான். ரயில் புறப்பட்ட நாள் எப்படித் தெரிந்தது? அதே படத்தில் தள்ளுவண்டியில் கொண்டுபோகப்படும் ஒரு பெண்ணின் சூட்கேஸ்மேல் பெயரும் பிறந்த தேதியும் எழுதியிருக்கிறது. முகாமின் அனுப்புகைப் பட்டியலோடு ஒப்பிட்டால் 1944 மே 19. அந்த ரயிலில் யூதர்களோடு 245 சிந்தி, ரோமா மக்களும் ஏற்றப்பட்டிருந்தார்கள். 1994 பிப்ரவரியில், வண்டி வீடுகளில் வாழும் அந்த மக்களின் குடியிருப்பு ஒன்றில், ஆஷ்விட்ஸிலிருந்து பிழைத்து வந்த ஒரு மூதாட்டி அவளை அடையாளம் சொன்னார். அதே ரயில் பெட்டியில் இருந்தவர் அவர். கதவிடுக்கிலிருந்து தலையை உள்ளே எடு என்று தாய் மகளைப் பெயர் சொல்லி அதட்டியது அவருக்கு நினைவிருந்தது. சிறுமியின் பெயர் செட்டெலா ஸ்டைன்பாக், சிந்தி இனத்தவள், வயது 9. மழித்த தலையை மறைக்கத்தான் அந்தத் துணி.

வாகெனார் எந்தக் காப்பகத்திலும் தங்கிப் பார்த்தவர் அல்ல, தன் பிடிவாதத்தில் தேடினார். ஆனால் தங்கிப் பார்ப்பவருக்குக் காப்பகம் கொடுப்பது அந்தப் பிடிவாதத்துக்கான அவகாசத்தைத்தான். பிரெஸ்லாவர் எடுத்ததை வைத்தே ஃபரோக்கி 2007இல் ஒரு படம் செய்தார். பின்னணிக் குரல் இல்லை, இசை இல்லை, நடுநடுவே எழுத்து அட்டைகள் மட்டும். அந்தச் சூட்கேஸின் எழுத்தை அவர் நிறுத்திக் காட்டும் இடத்தில் ஒரு நெகட்டிவ் கட்டராக எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்களுக்கும் ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்துதானே பிழைப்பு. ஃபரோக்கியின் தந்தை இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குப் போனவர் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

ஆய்வாளர் 'யார், எப்போது' என்று கேட்பார். கலைஞர் அதைக் கேட்காமலும் போவார். இந்தோனேசியாவில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, ஆம்ஸ்டர்டாமில் வாழும் ஃபியோனா டான் 2023இல் ஒரு படம் கொண்டுவந்தார். நூறு வருஷத்துக்கு முந்தைய டச்சு மீனவர்களும் கூலிக்காரர்களும் திரையில் வேலை செய்துகொண்டிருக்க, மேலே ஒலிப்பது 1980களில் ஆஸ்திரேலியாவிலிருந்து அவர் அப்பா அவருக்கு எழுதிய கடிதங்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அந்தக் கடிதங்கள் இல்லையென்றால் அந்த மீனவர்கள் வேலை செய்வதை நான் அப்படி உற்றுப் பார்த்திருக்க மாட்டேன்.

இனி என் கதை. இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் 'வருந்துகிறோம்' வந்தது. மூன்றாவது முறை, சினிமா வரலாறு என்று பெரிதாக எழுதுவதை விட்டுவிட்டு, 'எனக்கு ஒட்டு தெரியும்' என்று எழுதினேன். ஃபிலிமில் இருக்கும் ஒவ்வோர் ஒட்டையும் பார்த்து, யாரோ எங்கோ வெட்டியதைக் கண்டுபிடிப்பேன் என்று. கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்குக் கொடுத்தது டச்சுக் காலனிகளில் எடுத்த துண்டுகளின் அசிடேட் நகல்கள். டப்பாவைத் திறந்ததும் குப்பென்று வினிகர் நெடி. அசிடேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும்; ஒரு டப்பாவில் தொடங்கினால் பக்கத்து டப்பாவையும் பிடிக்கும். உள்ளே ஒரு சின்ன நீலக் காகிதத் துண்டு போட்டு வைக்கிறார்கள். அமிலம் ஏற ஏற அது பச்சையாகி மஞ்சளாகும். என் டப்பாவில் இளம்பச்சை. "இன்னும் நேரம் இருக்கிறது" என்றார் காப்பாளர் அம்மா, நோயாளியைப் பற்றிப் பேசுவதுபோல.

நான்காவது நாள் ஒரு துண்டு. 'சுமத்ரா, கடைத்தெரு, அடையாளம் தெரியாத எழுத்து' என்றது பட்டியல். 35 எம்எம்மில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம், மௌனப்பட வேகமும் ஏறத்தாழ விநாடிக்கு 16, ஆக அடிக்கு ஒரு விநாடி. இது 22 அடி. ஒரு மாட்டு வண்டி இடமிருந்து வலம் போகிறது. ஓட்டுகிறவர் வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார். இப்படிக் கட்டுவதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நிறுத்தினேன். பின்னால் ஒரு பலகை. எழுத்துகள் புரியவில்லை, ஆனால் ஒன்றின் தலையில் புள்ளி இருந்தது. எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இணைக்கொம்பு பின்னால் நின்றது. பாத்ரூம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மனசுக்குள் திருப்பிப் போட்டேன். 'கடை'.

ஸ்கேன் வேண்டாம், சுருளையே காட்டுங்கள் என்றேன். விளக்கு மேஜையில் பிரித்தோம். எமல்ஷன் பக்கம் மங்கலாக இருக்கும், மறுபக்கம் பளபளக்கும். முன்னும் பின்னும் இருந்த துண்டுகளில் மங்கல் மேலே. இந்த 22 அடியில் மட்டும் பளபளப்பு மேலே. எப்போதோ ஒட்டிய கை திருப்பி ஒட்டிவிட்டது. எங்கள் லேபில் சந்தேகம் வந்தால் ஓரத்தை ஈர உதட்டில் வைத்துப் பார்ப்போம், ஒட்டினால் எமல்ஷன். பழக்கதோஷத்தில் வாய்க்குக் கொண்டுபோனேன். காப்பாளர் அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடி வந்தார்.

சுமத்ராவில் தமிழ்ப் பலகையா என்று அவர்களுக்கு ஆச்சரியம். மேடான் நகரைச் சுற்றியிருந்த டெலி புகையிலைத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழர்கள் கூலிகளாகப் போனார்கள், வண்டியோட்டிகளாகவும் இருந்தார்கள், மேடானில் 1884இல் எழுந்த மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது என்று தெரிந்தவரை சொன்னேன். பலகையின் முன்பாதியை மாட்டின் கொம்பு மறைத்திருந்தது. 'ணிக் கடை' மாதிரித் தெரிந்ததால் 'துணிக் கடை' என்றேன். அன்றே பட்டியலில் ஏறியது. கீழே என் பெயரும்.

குறை சொல்கிறேன் என்றேனே. உதவித்தொகை ஆறாவது வாரம்தான் வந்தது. அதுவரை ரொட்டியும் பாலும். அது சின்ன விஷயம். நூறு வருஷமாக வைத்திருக்கும் காலனிப் படங்களைப் படிக்க, காலனிகளின் மொழி தெரிந்த ஒருவரை நிரந்தரச் சம்பளத்தில் வைக்கலாம். அதற்குப் பதில் ஆறு வாரத்துக்கு ஒருவரை வரவழைப்பது மலிவு. நாங்களும் கௌரவமென்று போகிறோம். அதோடு, நம் ஊர் ஆட்களின் முகத்தைப் பார்க்க நாம்தான் விசா வாங்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்திசையிலும் போக முடியும். டச்சுக்காரர் ஆர்னால்ட் பாகே 1925இல் சாந்திநிகேதனுக்கு வந்து, பின்னர் பல வருஷம் இந்தியா முழுக்கப் பாட்டுகளையும் கூத்துகளையும் பதிந்தவர். 1938இல் தென்னிந்தியாவிலும் பதிந்தார். ஒலி தனியாக ஒரு பட்டையில், படம் தனியாக ஊமையாக 16 எம்எம்மில். அவரிடம் லண்டனில் படித்தவர் நசீர் ஜைராஸ்போய். அவரும் ஏமி காட்லினும் 1984இல் அந்தப் பதிவுகளைத் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்துக்கே திரும்ப எடுத்து வந்து, பாகே பதிந்த ஊர்களில் போட்டுக் காட்டி, எது மிஞ்சியிருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று வீடியோ எடுத்தார்கள். வெளிநாட்டார் இங்கே பதிந்தவற்றின் நகல்கள் இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்று 1982இல் தொடங்கிய, இன்று குருகிராமில் இருக்கும் இசை ஆவண மையத்தின் பின்னாலும் ஜைராஸ்போய் இருந்தார். வங்காளத்தில் பாகே பதிந்தவற்றோடு கல்கத்தாப் பாடகி மௌசுமி பௌமிக்கும் ஒலிப்பதிவாளர் சுகாந்த மஜும்தாரும் அப்படித்தான் அலைந்திருக்கிறார்கள்.

எனக்கும் அந்த 22 அடியை மேடானில் ஒரு சுவரில் போட்டுக் காட்ட ஆசை. அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதி, பட்டியலில் இருந்த பழைய படத்தையும் நான் திருப்பிய படத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போட அதே கடைக்குப் போனேன். முதலில் பழையதுதான் வெளியே வந்தது. தம்பி எடுத்துப் பார்த்தான்.

"அக்கா, திருப்பிப் போட்டிருக்கு."

உனக்கெப்படித் தெரியும் என்றேன்.

"டீ ஷர்ட் பிரிண்ட்டுக்கு தினமும் இப்படித்தானே போடுறோம்." பலகையின் ஓரத்தில் விரலை வைத்தான். "ரொட்டிக் கடை."

"துணிக் கடைப்பா."

"இல்லக்கா. மாட்டுக் கொம்புக்கு இந்தப் பக்கம் துணைக்கால் தெரியுது பாருங்க. 'ரொ'. ரொட்டி."

குனிந்து பார்த்தேன். துணைக்கால் இருந்தது. காப்பாளர் அம்மாவுக்கு இன்னொரு மெயில் எழுத வேண்டும்.