ஆக்குவதா, வாங்குவதா?

சிங்கப்பூரின் தேக்கா நிலையத்து மேல்தளத்திலே துணிக்கடைகளும் தையற்கடைகளும் நெருங்கி நிற்கின்றன. அங்கே சேலை வாங்க வரும் பெண்மணி எவரும் சேலையைத் தாமே நெய்துகொள்ள முற்படுவதில்லை. ரவிக்கையையோ அளவு கொடுத்தே தைத்துக்கொள்கிறார். எதை விலைக்குக் கொள்ளலாம், எதை அளவெடுத்து ஆக்கவேண்டும் என்னும் அச்சிறு தீர்மானத்திலேயே, மக்கட்பணிக்குரிய மென்பொருளைப் பற்றிய பெரிய தீர்மானமும் அடங்கியிருக்கிறது. வாணிகத்துக்கான மென்பொருளாயின் இலாப நட்டக் கணக்கு விடை சொல்லிவிடும். சிறுபான்மையோர் பேசும் ஒரு மொழிக்கு உதவவேண்டிய மென்பொருளிலோ அக்கணக்கு பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. சிங்கப்பூரில் தமிழ் கணினியேறிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தமிழுக்கென வாங்கக் கிடைத்த கருவிகள் மிகச் சிலவே. அவற்றுள் மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு குறிப்பிடத்தக்கது. இணையத்தில் தமிழெழுத்தைக் காட்டுவதற்கோ ஏற்ற வழி அமையவில்லை. சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராயிருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, ஆக்குவதே வழியெனத் துணிந்தார். அவருடைய முயற்சியில் உருவானதே கணியன். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்து இணைய ஆய்வாளர்களும் அவருக்குத் துணைநின்றனர். 1995 அக்டோபர் 27 அன்று சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளும் அடங்கிய இணையத் தொகுப்பொன்றை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தபோது, தமிழ்க் கவிதைகள் தமிழெழுத்திலேயே திரையில் தோன்றின. உலகின் எந்தப் பெருநிறுவனமும் அன்று அதனைச் செய்துதரக் காத்திருக்கவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆயின், தாமே ஆக்கிக்கொள்வதில் ஓர் இடர் உண்டு. கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் குறிக்கப்படவேண்டும். அக்காலத்தில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எண் குறித்தனர். விளைவு யாது? ஒருவர் எழுதிய கட்டுரையை மற்றொருவர் தம் எழுத்துருவில் திறந்தால், பொருளற்ற குறிகளின் குவியலே காட்சியளித்தது. சென்னையிலிருந்து மாணவர் பாடம் வந்தால், அதனுடன் எழுத்துருவும் வரவேண்டும். வீட்டுக்கு வீடு வேறு வேறு படிக்கல் வைத்திருந்தால் சந்தை எவ்வாறு நடக்கும்?

இக்குறையை உணர்ந்தே கோவிந்தசாமி 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாட்டைக் கூட்டினார். 1999இல் சென்னை மாநாடு தமிழ்99 விசைப்பலகையைத் தந்தது. அவ்வாண்டே கோவிந்தசாமி மறைந்தார். அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் நடந்த மாநாட்டை ஒட்டி உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. முடிவில் நிலைத்தது ஒருங்குறி என்னும் பொதுமுறையாகும். அதில் 'அ' என்னும் எழுத்தின் எண் 2949; அது தஞ்சையிலும் சிராங்கூன் சாலையிலும் ஒன்றே. தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. இன்றைய கைப்பேசியில் தமிழை எழுதுவோர், எழுத்துருவை வாங்கினோமா ஆக்கினோமா என்று எண்ணிப் பார்ப்பதுகூட இல்லை. அந்த அளவுக்கு அவ்வினா தீர்ந்துபோயிற்று.

தீர்ந்த இடத்தில் மற்றொன்று முளைத்தது, அதுவே மொழிபெயர்ப்பு. தமிழ் சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் நூற்றுக்கு 2.5 பேர்தாம், 2010இல் 3.3 பேராக இருந்தனர். அரசின் அறிவிப்புகளோ நாள்தோறும் வெளியாகின்றன. கைக்கெட்டும் தூரத்தில் இலவச மொழிபெயர்ப்புப் பொறிகள் இருக்கும்போது அவற்றை நாடும் ஆசை எழுவது இயல்பே. அவை பெரும்பாலும் தமிழகத்து எழுத்துகளைப் படித்துப் பழகியவை. சிங்கப்பூர்த் தமிழோ தனக்கெனச் சொற்றொகுதி ஒன்றை வளர்த்துக்கொண்டுள்ளது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், மத்திய சேம நிதி, உணவங்காடி நிலையம் என்பன அங்குள்ளோர்க்கு அன்றாட வழக்கு. யாழ்ப்பாணத்தார் 'பற்றுச்சீட்டு' என்றால் பணம் பெற்றதற்குரிய சீட்டைக் கருதுவர். சிங்கப்பூரில் அது கடையில் கொடுத்துப் பொருள் வாங்கும் அரசு உதவிச் சீட்டு. பொறி இவ்வேறுபாட்டை அறியாது போனால், வாங்கவேண்டிய அரிசியை வாங்காது ஒரு முதியவர் வீடு திரும்ப நேரலாம். ஆட்சிமொழி என்னும் தகுதி உண்மையில் சோதிக்கப்படும் இடம் இதுவே.

சிங்கப்பூர் 2014இல் தேசிய மொழிபெயர்ப்புக் குழுவை அமைத்தது. தொடர்பு, தகவல் அமைச்சு (2024 முதல் அதன் பெயர் மின்னிலக்க மேம்பாடு, தகவல் அமைச்சு) ஏ-ஸ்டார் என்னும் ஆய்வு அமைப்புடன் சேர்ந்து மொழிபெயர்ப்புப் பொறியொன்றை ஆக்கியது. முதலில் அரசு அலுவலர்க்கென வைத்திருந்த அப்பொறி, 2022இல் பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டது. பொறி தந்த பெயர்ப்பு பிழையெனக் கண்டவர் நல்ல பெயர்ப்பை எழுதி அனுப்பவும் இடமளிக்கப்பட்டது. இஃது ஆக்கத்தின் சிறப்பு. விலைக்கு வாங்கிய பொருளில் இத்தகைய வாயிலைத் திறக்கும் உரிமை விற்றவனிடமே இருக்கும்.

இதனினும் சுவையானது கடலரிமா என்னும் பொருள்படும் 'சீ லயன்' வரலாறு. தென்கிழக்காசிய மொழிகளுக்கென ஏஐ சிங்கப்பூர் என்னும் அமைப்பு 2023 இறுதியில் வெளியிட்ட மொழி மாதிரி அது. தமிழும் அதன் 11 மொழிகளுள் ஒன்று. அவ்வாண்டு டிசம்பரில் இத்துறைக்கு 70 மில்லியன் வெள்ளி ஒதுக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. முதற்பதிப்பை அடித்தளத்திலிருந்தே தாங்களாக எழுப்பினர். 2024இல் வந்த பதிப்புகளிலோ வழி மாறிற்று. மெட்டா நிறுவனத்தின் லாமா, கூகுளின் ஜெம்மா ஆகிய திறந்த மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டு, அவற்றின்மேல் இவ்வட்டார மொழிகளைக் கற்பித்தனர். இதனைத் தோல்வி என்று சிலர் கருதக்கூடும், அது பொருந்தாது. பெருநிறுவனங்கள் பெரும்பொருள் செலவிட்டு எழுப்பிய அடித்தளத்தோடு போட்டியிடுவதைக் காட்டிலும், அதன்மேல் தமிழுக்குரிய மாடியைக் கட்டுவதே அறிவுடைமை. சிங்கப்பூரார்க்கு இது புதிதன்று. அவர்தம் வீடமைப்புக் கழக வீடுகளே 99 ஆண்டுக் குத்தகை நிலத்தில் நிற்பவை அல்லவா? குத்தகை நிபந்தனைகளைப் படித்துவிட்டுக் குடிபுகவேண்டும், அவ்வளவே. 2024இல் லாமா, ஜெம்மா இரண்டுக்கும் உரிமையாளர் விதித்த நிபந்தனைகள் இருந்தன.

வாங்குவோர் கவனிக்கத் தவறும் செலவொன்று உண்டு. கணினியில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு வேண்டும். 'தமிழ்' என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள். ஆக 15 பைட்டு. மொழி மாதிரிகள் எழுத்தைத் துணுக்குகளாக நறுக்கியே படிக்கின்றன. கட்டணமும் பொதுவாகத் துணுக்குக் கணக்கிலேயே வசூலிக்கப்படுகிறது. தமிழை அறியாத நறுக்கி, 'படித்துக்கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரு சொல்லைப் பல துண்டுகளாக்கிவிடும். ஒரே செய்திக்குத் தமிழர் மிகுதியாகக் கட்டணம் செலுத்த நேர்கிறது! ஆகவே ஒரு பள்ளியோ தொண்டு நிறுவனமோ விலைப்பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்தல் தகாது. தன் தமிழ்ப் பக்கம் ஒன்றைக் கொடுத்துத் துணுக்குகளை எண்ணச் செய்து, பின்னரே விலை பேசவேண்டும்.

ஆக்குவோர் கவனிக்கத் தவறும் செலவோ வேறு. கருவி பிறந்த நாளோடு செலவு முடிவதில்லை. இயக்குதளம் மாறுந்தோறும் அதனைத் திருத்துவார் வேண்டும். ஆக்கியவர் ஓய்வு பெற்றால் அவர் எழுதிய கட்டளைகளைப் படித்தறிவார் வேண்டும். சிறு சங்கங்கள் ஆர்வத்தால் தொடங்கி இங்கேதான் இடறுகின்றன. வருகைப் பதிவு, நன்கொடைக் கணக்கு போன்ற எங்குமுள்ள வேலைகளுக்கு ஆயத்தப் பொருளே போதும். அவற்றைப் புதிதாக ஆக்குவது பொருளை விரயமாக்குவதாகும்.

இயந்திரத்தை வாங்கினும் ஆக்கினும், அது நன்றோ தீதோ எனக் காணும் உரைகல்லை மட்டும் பிறரிடம் கடன் வாங்க இயலாது. ஆங்கிலத் தேர்வுத்தாளை மொழிபெயர்த்துத் தமிழறிவைச் சோதிப்பது, பனையின் உயரத்தைத் தென்னையைக் கொண்டு அளப்பது போலாகும். ஏஐ சிங்கப்பூர் 2023இல் வெளியிட்ட 'பாஷா' என்னும் தேர்வுத் தொகுப்பில், இந்தோனேசிய மொழிக்கும் தமிழுக்கும் அவ்வம்மொழியின் இலக்கண நுட்பங்களைக் கொண்டே ஆராயும் வினாக்கள் சேர்க்கப்பட்டன. உளப்பாட்டுத் தன்மைப் பன்மையாகிய 'நாம்' எங்கே, முன்னிலையாரை விலக்கும் 'நாங்கள்' எங்கே என்பதைப் பொறி அறியுமா? அரசு அறிவிப்பில் அது மாறினால், உதவி யாருக்கு உரியது என்பதே மாறிவிடும். இத்தகைய வினாத்தாளை எழுதக் கணிப்பொறி வல்லுநர் மட்டும் போதார். வகுப்பறையில் இவ்விரு சொற்களின் வேறுபாட்டை ஆண்டுதோறும் விளக்கிவரும் தமிழாசிரியரும் உடனிருந்தாக வேண்டும்.