பேச்சு அடங்காதபோது: குணமா, நோயின் அறிகுறியா?

மனநலப் புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் உறவினர்களில் சிலர், நோயாளியை வெளியே அமரவைத்துவிட்டுத் தாம் மட்டும் முதலில் உள்ளே வர அனுமதி கேட்பதுண்டு. அப்படி வந்த ஓர் அம்மையார், "அவர் உள்ளே வந்துட்டா அவரே பேசிடுவார் டாக்டர். நான் சொல்றதுக்கு இடமே இருக்காது" என்றார். முப்பது ஆண்டு மணவாழ்க்கை. கணவர் குடிப்பழக்கம் அற்றவர். குடும்பத்தின்மீது அக்கறை உள்ளவர். ஆனால் காலைக் காப்பியோடு தொடங்கும் பேச்சு இரவு விளக்கணைக்கும்வரை ஓய்வதில்லை. வெளியூரில் இருக்கும் மகள் தொலைபேசியில் அழைப்பதைக் குறைத்துக்கொண்டாள். அண்டை வீட்டார் அவரைத் தெருவில் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். "இது வியாதியா, குணமா? அதை மட்டும் சொல்லுங்க போதும்" என்பதே அந்த அம்மையாரின் கேள்வி. இக்கட்டுரையில் அக்கேள்விக்கு இயன்றவரை விடை கூற முயல்கிறோம். இங்குக் குறிப்பிடப்படும் நோயாளிகளின் அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நிறையப் பேசுவது தன்னளவில் ஒரு தனி நோயாக மருத்துவ வகைப்பாடுகளில் இடம்பெறவில்லை. வேறு சில நோய்களின் அறிகுறியாகவே அது பேசப்படுகிறது. எவ்வளவு பேசினால் மிகுதி என்பதற்கும் வரையறை கிடையாது. 2007ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் கல்லூரி மாணவர்களின் அன்றாடப் பேச்சைச் சிறு ஒலிப்பதிவுக் கருவிகள் கொண்டு பதிவு செய்து கணக்கிட்டார்கள். ஒருவர் ஒரு நாளில் சராசரியாக ஏறத்தாழ 16,000 சொற்கள் பேசுவதாகத் தெரியவந்தது. அம்மாணவர்களில் ஆண், பெண் இருபாலரும் ஏறக்குறைய ஒரே அளவே பேசினார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தது. வாயாடி என்ற பட்டத்தைப் பெண்களுக்கு மட்டும் சூட்டிவந்திருக்கும் நம் வழக்கத்தை இங்கே சற்று நினைத்துக்கொள்ளலாம். எங்களிடம் இக்குறைக்காக அழைத்துவரப்படுவோரில் ஆண்கள் குறைந்தவர்கள் அல்லர்.

ஆகவே சொற்களின் எண்ணிக்கையைவிட, நிறுத்த முடிகிறதா என்பதே முதன்மையான கேள்வி. அமெரிக்கத் தகவல் தொடர்பியல் அறிஞர்களான ஜேம்ஸ் மெக்ராஸ்கியும் வர்ஜீனியா ரிச்மண்டும் 1993இல் இத்தகையோரைக் கண்டறிய ஒரு வினாப்பட்டியலை உருவாக்கினார்கள். குடிக்கு அடிமையானவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒட்டி, இவர்களுக்கு 'டாக்கஹாலிக்' என்று பெயரிட்டார்கள். அதில் மதிப்பெண் பெறும் பத்துக் கூற்றுகள் உள்ளன; மொத்த மதிப்பெண் 10 முதல் 50 வரை அமையும்; 40ஐத் தாண்டினால் கட்டுப்பாடற்ற பேச்சு எனக் கொள்வார்கள். இது நோயைக் கண்டறியும் சோதனை அன்று. எனினும் அதன் அடிப்படைக் கருத்து எங்களுக்குப் பயன்படுகிறது: பேசாமலிருப்பதே தமக்கு நன்மை என்று நன்கு அறிந்த வேளையிலும் இவர்கள் பேசிவிடுகிறார்கள். அலுவலக ரகசியம் வெளியாகிறது. சம்பந்தி வீட்டில் சொல்லக்கூடாதது சொல்லப்படுகிறது. வீடு திரும்பியதும் "ஏன் அதைச் சொன்னேன்" என்று வருந்துகிறார்கள். மறுநாளும் அதுவே நிகழ்கிறது. இந்த வருத்தம் எவரிடம் இருக்கிறதோ அவரைத் திமிர் பிடித்தவர் என்றோ அக்கறையற்றவர் என்றோ கருதுவது தவறு.

இப்பழக்கம் வேரூன்றுவதற்குக் காரணங்கள் பல. தம்மைப் பற்றிப் பேசுவது மூளைக்கு இன்பம் தருகிறது. உணவும் பணமும் கிடைக்கும்போது கிளர்ச்சியடையும் பகுதிகள், ஒருவர் தம் எண்ணங்களைப் பிறரிடம் கூறும்போதும் கிளர்ச்சியடைவதை ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். பதற்றம் மற்றொரு காரணம். எதிரே இருப்பவர் ஒரு கணம் மௌனமானால், 'என்மீது கோபமோ' என்று அஞ்சி அந்த வெற்றிடத்தை நிரப்பப் பேசுவோர் உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகும், துணையை இழந்த பிறகும், நாள் முழுதும் தனித்திருக்கும் முதியவர் கிடைத்த ஒருவரிடம் ஒரு நாளின் பேச்சு முழுவதையும் கொட்டுவார். காது மந்தமானவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறர் பேசுவது சரியாகக் கேட்காதபோது, தாமே பேசிக்கொண்டிருப்பது எளிதாகிவிடுகிறது. கேள்விப்புலன் சோதனைக்கு அனுப்பிய பின்னரே சிலரின் 'குணம்' எதனால் வந்தது என்பது எங்களுக்கு விளங்கியது.

உரையாடல் நடைபெறும் முறையையும் கவனிக்க வேண்டும். ஒருவர் பேசி முடித்து மற்றவர் தொடங்குவதற்கு இடையே உள்ள இடைவெளி ஒரு விநாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் என்று, உலகின் பத்து மொழிகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். தமிழ் அப்பத்தில் இல்லை. ஆயினும் நம் திண்ணைப் பேச்சு அதைவிட மெதுவானது என்று தோன்றவில்லை. அடங்காமல் பேசுபவர் அந்தச் சிறு இடைவெளியையும் "அப்புறம்", "அதாவது", "இன்னொண்ணு" என்று அடைத்துவிடுகிறார். கேட்பவருக்கு நுழைய வாசல் இல்லை. மரியாதை கருதி "உம்" கொட்டுகிறார். அந்த "உம்" பேசுபவருக்கு 'மேலே சொல்லுங்கள்' என்றே கேட்கிறது.

இவை பழக்கத்தைப் பற்றியவை. பழக்கம் அல்லாதவற்றை இனிக் கூறுகிறோம். குடும்பத்தினர் இப்பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐம்பத்தைந்து வயதுடைய ஒருவரை அவர் மகன் அழைத்துவந்தார். மூச்சிரைப்புக்காக வேறோர் இடத்தில் சிகிச்சை பெற்றுவந்தவர். "அப்பா எப்பவும் பேசுவார், இப்ப கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் மகன். நோயாளியும் சிரித்த முகத்துடன் அதை ஒப்புக்கொண்டார். கலகலப்பான மனிதர் என்று நாங்களும் எண்ணினோம். சில அறிவுரைகள் கூறி அனுப்பிவிட்டோம். இரண்டு வாரத்தில் மீண்டும் வந்தார்கள். அதற்குள் அவர் வைப்புநிதியை முறித்து, பார்க்காத ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்திருந்தார். தடுத்த மனைவியை அடித்திருந்தார். இரவில் இரண்டு மணி நேரமே உறங்கி, களைப்பின்றி எழுந்து நடமாடியிருந்தார். மூச்சிரைப்புக்காகத் தரப்பட்ட ஸ்டீராய்டு மாத்திரை, மேனியா எனப்படும் மிகை மனவெழுச்சியைத் தூண்டியிருந்தது. முதல் நாளே நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இரவில் எத்தனை மணி நேரம் உறங்குகிறார்? புதிதாக என்ன மருந்து உட்கொள்கிறார்? 'எப்பவும் பேசுவார்' என்ற சொல்லை நாங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டதால் அவ்விரண்டையும் கேட்கத் தவறினோம். அவர் குணமடைந்தார். முன்பணம் திரும்பக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் பிரிவில், அதிகம் பேசுகிறார் என்ற குறையோடு வரும் எவரிடமும் உறக்கத்தைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் கேட்காமல் அனுப்புவதில்லை.

பழக்கமாகப் பேசுபவர் பல ஆண்டுகளாக அப்படியே இருப்பார். நோயால் பேசுபவரிடமோ ஒரு மாற்றம் தென்படும். வீட்டார் நினைத்துப் பார்த்தால் தொடங்கிய வாரத்தையே கூற முடியும். மேனியாவில் பேச்சு விரைவுபட்டு, குரல் உயர்ந்து, ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். இடைமறித்தால் எரிச்சல் எழும். உறக்கத்தின் தேவை குறையும். செலவும் பெருந்திட்டங்களும் மிகும். இந்நிலை ஒரு வாரம் நீடித்தால் மேனியா என வகைப்படுத்துகிறோம். ஆனால் ஒரு வாரம் முடியட்டும் என்று வீட்டில் காத்திருக்க வேண்டியதில்லை. மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துவரும் ஒருவர் திடீரெனக் கலகலப்பாகிவிட்டால், 'சரியாகிவிட்டது' என்று மகிழ்வதற்குமுன் மருத்துவரிடம் தெரிவியுங்கள். இருமுனைக் கோளாறு உள்ளவர்களிடம் அம்மருந்துகள் சில சமயம் எதிர்முனைக்குத் தள்ளிவிடும். ஸ்டீராய்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை: இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் அம்மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பல வாரம் உட்கொண்டதைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். குறைப்பதை மருத்துவரே செய்ய வேண்டும்.

முதியவர் ஒருவர் ஓரிரு நாட்களில் இடைவிடாமல் பேசத் தொடங்கி, இடமும் நேரமும் குழம்பி, பகலில் தெளிந்தும் இரவில் மோசமாகியும் காணப்பட்டால், சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் சோடியம் குறைவு போன்ற உடல் காரணங்கள் இருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டும். நொடிப்பொழுதில் பேச்சு மாறி, சரளமாகப் பேசியும் சொற்களுக்குப் பொருளில்லாமல் போய், நாம் சொல்வதும் அவருக்கு விளங்கவில்லை என்றால், அது மூளையின் இடப்பக்கத்தில் ஏற்பட்ட பக்கவாதமாக இருக்கலாம். கைகால் நன்றாக இயங்குவதால் 'ஏதோ உளறுகிறார், தூங்கி எழுந்தால் சரியாகும்' என்று விட்டுவிடுகிறார்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தினால்தான் பயன். நடுத்தர வயதைக் கடந்த ஒருவர், முன்பு நாகரிகமாக இருந்தவர், சில மாதங்களாக அறிமுகமற்றவர்களிடம் கூச்சமின்றிப் பேசுவதும் அதை உணராதிருப்பதும் முன்மூளையைத் தாக்கும் ஒருவகை டிமென்ஷியாவின் தொடக்கமாகலாம். தைராய்டு மிகைச் சுரப்பை ஓர் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். சிறுவர்களைப் பொறுத்தவரை, ஓயாத பேச்சோடு கவனக்குறைவும் இருக்கையில் தரித்திராமையும் வீட்டிலும் பள்ளியிலும் காணப்பட்டால் ஏ.டி.எச்.டி. உள்ளதா என்று பார்ப்போம். வெறுமனே பேசும் குழந்தையை எங்களிடம் அழைத்துவரத் தேவையில்லை.

இவை எதுவும் இல்லையெனில், பழக்கத்தை மாற்றும் வேலை தொடங்குகிறது. இதற்கென மாத்திரை இல்லை. எங்களிடம் கேட்பவர்கள் பலர் இதைக் கேட்டு ஏமாற்றமடைகிறார்கள். அடியில் பதற்றமோ ஏ.டி.எச்.டி.யோ இருந்தால் அதற்கு மருத்துவம் உண்டு.

முதற்படி, தம் பேச்சைத் தாமே கேட்பது. வீட்டாரின் ஒப்புதலோடு ஓர் இரவு உணவு வேளையைக் கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் தனியே கேட்கச் சொல்கிறோம். பத்து அறிவுரைகள் செய்யாததை அந்த இருபது நிமிடம் செய்துவிடும். சங்கடமாக இருக்கும், ஒருமுறை போதும். அடுத்ததாக, அமெரிக்கத் தொழில் ஆலோசகர் மார்ட்டி நெம்கோ கூறும் போக்குவரத்து விளக்கு முறையைப் பழகலாம். பேசத் தொடங்கிய முதல் 30 விநாடி பச்சை. அடுத்த 30 விநாடி மஞ்சள், கேட்பவர் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரம். ஒரு நிமிடம் கடந்தால் சிவப்பு. நிறுத்துவது கடினமெனில், ஒரு கேள்வியோடு முடித்து, ஒரு மூச்சை முழுதாக உள்ளிழுத்து வெளிவிடும்வரை காத்திருக்க வேண்டும். அந்த மூச்சுதான் மற்றவருக்குத் திறக்கும் வாசல். தொலைபேசியில் நின்றுகொண்டே பேசுவது பலருக்கு உதவுகிறது. கால் வலித்தால் பேச்சு சுருங்குகிறது. ஒவ்வோர் உரையாடலிலும் முயலாமல், நாளுக்கு ஒன்றைத் தேர்ந்துகொண்டு பழகுவதே நிலைக்கிறது.

குடும்பத்தினர் பலர் முன்னிலையில் "போதும் நிறுத்துங்க" என்று சொல்வது பயன் தராது. அவமானத்தால் பதற்றம் பெருகி, பேச்சும் பெருகும். நம் வீடுகளில் வேறொரு சிக்கலும் உண்டு. மாமனாரை மருமகள் இடைமறிக்க முடியாது. தந்தையை மகன் தடுத்தால் மரியாதைக் குறைவு. ஆகவே அனுமதியைப் பேசுபவரே முன்கூட்டி வழங்க வேண்டும். மேலே கூறிய தம்பதியிடம் அதைத்தான் செய்தோம். கணவருக்கு உறக்கம் சீராக இருந்தது, பரிசோதனைகளில் குறையில்லை, புதிய மருந்தும் இல்லை. பணி ஓய்வுக்குப்பின் மிகுந்த பழைய பழக்கம். டம்ளரைத் தட்டிவைத்தால் ஒரு நிமிடம் ஆகிவிட்டது என்று பொருள் என அவரே முடிவு செய்தார். மகளிடம், "ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம், அதில் பாதி உனக்கு" என்று அவரே பேசிக்கொண்டார். முதல் மாதத்தில் டம்ளர் ஓயாமல் தட்டப்பட்டதாக அம்மையார் கூறினார். இப்போதும் அவர் அதிகம் பேசுபவர்தான். மகள் அழைக்கிறாள்.

பேசுவதற்கென்று ஓர் இடம் ஒதுக்குவதும் அவசியம். "பத்து நிமிடம் உங்களோடு இருக்கிறேன், பிறகு சமைக்கப் போகணும்" என்று முன்பே சொல்லி, அப்பத்து நிமிடமும் கைப்பேசியைத் தொடாமல் கேட்பது, மூன்று மணி நேரம் "உம்" கொட்டுவதைவிட முதியவருக்கு நிறைவளிக்கிறது. நூலகம், நடைப்பயிற்சிக் குழு, கோயில் மண்டபம் எனக் கேட்பவர்கள் பலராகப் பரவும்போது வீட்டின் சுமை குறையும்.

எங்களைக் காண வரும்போது, மாற்றம் எப்போது தொடங்கியது, கடந்த ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் அட்டையோடு எடுத்துவாருங்கள். நாட்டு மருந்தும், கடையில் தாமாக வாங்கியவையும் அதில் அடங்கும். நோயாளிமுன் சொல்லத் தயங்குவதைச் செவிலியரிடம் முன்னரே சொல்லிவிடலாம். இருவரையும் தனித்தனியே பார்க்க ஏற்பாடு செய்வோம். இரவு வேளையில் ஆலோசனை தேவைப்பட்டால், அரசின் டெலி மானஸ் சேவை எண் 14416இல் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்.