பூனைக்குச் சீனி வருத்தம்: அவசரப்பட்டு ஊசி ஏற்றாதீர்கள்

மனிதரைப் போலவே பூனைக்கும் நீரிழிவு வருகிறது. தண்ணீரும் சிறுநீரும் அதிகமாகும். நன்றாகச் சாப்பிட்டும் உடல் மெலியும். மிருக வைத்தியர் இன்சுலின் தந்தால், பெரும்பாலும் 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வீட்டில் நாமே ஏற்ற வேண்டும்.

காது விளிம்பில் மெல்லக் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தத்தில், குளுக்கோமீட்டர் மூலம் சீனியைப் பார்க்கலாம். பயந்தாலே பூனைக்குச் சீனி கூடும். ஆகவே ஒரு தடவை கூடிவிட்டது என்பதற்காக மருந்தை நாமாகக் கூட்டக் கூடாது.

சீனி கூடுவதைவிடத் திடீரெனக் குறைவதே உடனடி ஆபத்து. பூனை சாப்பிடாதிருந்தால் வைத்தியரிடம் கேட்காமல் ஊசி ஏற்றாதீர்கள். மருந்து சரியாக ஏறியதா என்ற சந்தேகத்தில் இரண்டாவது ஊசியும் வேண்டாம். தள்ளாடினால், நடுங்கினால் ஈறில் தேன் தடவி, தாமதியாமல் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். வாயில்லாத ஜீவனுக்கு நமது கவனமே பாதுகாப்பு.