சேவ் அழுத்தினால் எல்லாம் போச்சா?

இந்த எபிசோடில் மெமரி கார்ட்டைப் பற்றி மேலோட்டமாகத்தான் கதைத்தோம். நேரம் போதாமல் விட்ட கதை ஒன்று இருக்கு. எங்கட வீட்டுக் கதை.

விம்பிள்டன் எஃப்ரா வீதிப் பிள்ளையார் கோயில் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1981இல் தொடங்கிய கோயில். எங்கட அம்மம்மா வீட்டை விட்டு கடைசியாக வெளியில் வந்தது அங்கே தேர் பார்க்கத்தான். சின்னம்மாவின் மகள், என்ர தங்கச்சி, அன்றைக்குத் தன்ர கேமராவில் 140 படம் எடுத்தாள். மூன்று மாதத்தில் அம்மம்மா போய்விட்டா.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். "படங்களை வட்ஸ்அப்பில போடு பிள்ளை" என்று மாமா கேட்டார். தங்கச்சி கார்ட்டை லப்டொப்பில் போட்டு, எல்லாப் படத்தையும் ஒரேயடியாகத் தெரிந்து, 800 பிக்சலுக்குச் சின்னதாக்கி, சேவ் அழுத்தினாள். கொப்பி எடுக்கவில்லை. பிறகு அதே கார்ட்டில் ஒரு நிமிட வீடியோவும் எடுத்திருக்கிறாள். அச்சகத்தில் பெரிய படம் கேட்டபோதுதான் விசயம் தெரிந்தது.

"அண்ணா, எல்லாம் சின்னனாப் போச்சு. இனி எடுக்கேலாதா?" என்று அழுதாள்.

"முதல்ல கார்ட்டைக் கழட்டு. இனி அதில ஒண்டும் எடுக்காத" என்றேன். இந்தக் கட்டுரையில் ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால், அது இந்த வரியாக இருக்கட்டும்.

ஏன்? ஒரு கோப்பை அழித்தாலோ அதன் மேல் சேவ் செய்தாலோ, கார்ட்டில் இருக்கிற பழைய தரவு உடனே துடைக்கப்படுவதில்லை. வீட்டு வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றுகிற மாதிரித்தான். உள்ளே ஆட்கள் அப்படியே இருப்பார்கள், புது ஆட்கள் குடிவரும் வரைக்கும். பல மென்பொருள்கள் மாற்றிய படத்தைக் கார்ட்டில் வேறொரு காலி இடத்தில் எழுதிவிட்டு, பழைய இடத்தைக் 'காலி' என்று குறித்து விடும். அந்தக் காலி இடத்தில்தான் எங்கட அம்மம்மா இருந்தா.

எஸ்டி கார்ட்டின் பக்கத்தில் இருக்கிற சின்னப் பூட்டை 'லொக்' பக்கம் தள்ளினேன். கார்ட் முழுவதையும், காலி இடத்தையும் சேர்த்து, ஒரே கோப்பாக லப்டொப்பில் கொப்பி எடுத்தேன். இனி என்ன பிழை விட்டாலும் அந்தக் கொப்பியில்தான் விடுவேன், கார்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. பிறகு ஃபோட்டோரெக். கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதிய இலவச மென்பொருள். அது பெயர்ப்பலகையைத் தேடாது, ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்க்கும். ஜேபெக் படம் எப்போதும் எஃப்எஃப் டி8 என்ற இரண்டு பைட்டில் தொடங்கும். அதைக் கண்டால் அங்கிருந்து படத்தை வெளியே எடுக்கும். பழைய கோப்புப் பெயர் கிடைக்காது. ஆனால் எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே எழுதியிருப்பதால் வரிசைப்படுத்தலாம்.

140இல் 112 முழுசாக வந்தது. 25 படத்தின் இடத்தில் அந்த ஒரு நிமிட வீடியோ குடிவந்து விட்டது. மற்ற மூன்றின் மேல், கார்ட் நிரம்பியிருந்ததால், புதுச் சின்னப் படங்களே போய் இருந்துவிட்டன.

அந்த மூன்றில் ஒன்றுதான் அம்மம்மா தேர் வடத்தில் கை வைத்திருக்கிற படம். அதன் தொடக்கப் பகுதி மட்டும்தான் அழிந்திருந்தது. மிச்சம் இருந்தது, ஆனால் படத்தை எப்படி விரிப்பது என்கிற அட்டவணைகள் தொடக்கத்தில்தான் இருக்கும். அதே கேமராவில் எடுத்த வேறு படத்தின் தொடக்கத்தை வெட்டி ஒட்டிப் பார்த்தேன். ஒரு இரவு முழுக்கப் போனது. படம் திறந்தது. மேல் ஓரம் இல்லை, உருவம் பக்கவாட்டில் விலகி, நிறம் பச்சை அடித்தது. கையும் வடமும் தெளிவாகத் தெரிந்தன, அவ்வளவுதான்.

கல்வெட்டில் அந்த 112இல் ஒன்றைத்தான் போட்டோம். வடம் பிடித்த படம் இன்றைக்கும் 800 பிக்சலில்தான் இருக்கு.

ஒன்று சொல்ல வேண்டும்: இந்த வித்தை ஃபோனுக்குள் இருக்கிற படங்களுக்குச் சரிவராது. இப்போதைய ஃபோன்கள் எல்லாவற்றையும் குறியாக்கம் செய்துதான் வைக்கின்றன. அழிந்த கோப்பின் சாவியும் போய்விட்டால் மிச்சம் வெறும் குப்பைதான். மைக்ரோ எஸ்டி கார்ட்டில் பூட்டும் கிடையாது.

தங்கச்சியை நான் ஏசவில்லை. சேவ் அழுத்தியது அல்ல பிழை. தேர் முடிந்து மூன்று மாதமாக அந்தப் படங்கள் ஒரே ஒரு கார்ட்டில் மட்டும் கிடந்ததுதான் பிழை, அதில் எனக்கும் பங்கு இருக்கு. நாளெல்லாம் ஆட்களின் சர்வருக்கு பேக்கப் எடுக்கிற எனக்கு, அவளிடம் ஒரு தரம் கேட்கத் தோன்றவில்லை.

எங்கட அம்மா அப்பாவின் தலைமுறையில் பலருக்கு ஊரை விட்டு வரும்போது ஒரு அல்பத்தைக்கூடத் தூக்கி வரக் கிடைக்கவில்லை. எங்களுக்கு அந்தச் சாட்டுச் சொல்ல ஏலாது. இந்தச் சனிக்கிழமை வீட்டில் இருக்கிற கார்ட்டுகளை எடுங்கோ. எதையும் திருத்துவதற்கு முன்னம் இரண்டு இடத்தில் கொப்பி போடுங்கோ, ஒன்று உங்கட வீட்டுக்கு வெளியில் இருக்கட்டும்.

அடுத்த எபிசோடில் சந்திப்பம்.