இரண்டு தீவும் ஒரு மச்சினனும்

பள்ளிக்கரணையில் ரெண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் எங்கள் தெருவும் தீவுதான். அப்படியொரு சாயங்காலம், பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு மச்சினன் வந்தான். கையில் இரண்டு வேலைக் கடிதங்கள். ஒன்று சிங்கப்பூர், இன்னொன்று மொரீஷியஸ். இரண்டும் கணக்கு எழுதுகிற உத்தியோகம்.

"நீங்க பி.காம். ஆச்சே மாமா, எதுன்னு சொல்லுங்க."

பி.காம். படித்ததற்கு இதுதான் தண்டனை.

மொரீஷியஸ் சுமார் 2,040 சதுர கிலோமீட்டர். ஜனம் பன்னிரண்டரை லட்சம். சிங்கப்பூர் அதில் பாதிகூட இல்லை. ஜனம் அறுபது லட்சம். மூச்சு விட இடம் எங்கே என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்! 1961-ல் ஜேம்ஸ் மீட் என்கிற பொருளாதார நிபுணர், இத்தனை ஜனத்தொகையை வைத்துக்கொண்டு மொரீஷியஸ் தேறுவது கஷ்டம் என்று எழுதினார். 1977-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மொரீஷியஸோ கரும்பிலிருந்து துணிக்கும், துணியிலிருந்து டூரிஸ்ட்டுக்கும் தாவிப் பிழைத்துக்கொண்டது. நோபலே வாங்கினாலும் ஜோசியம் ஜோசியம்தான், ஸார்.

அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். மாணவர்களுக்கும் வயசானவர்களுக்கும் 2005 முதல் பஸ் இலவசம். தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, ஆனால் தைப்பூசத்துக்கு லீவு போட்டால்தான் உண்டு. இரண்டு ஊர் நோட்டிலும் தமிழ் இருக்கிறது. 1998-ல் மொரீஷியஸ் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் கொதித்ததில் அடித்த நோட்டையே வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று.

"சிங்கப்பூர்ல பத்துல எட்டு பேர் கவர்மென்ட் கட்டின ஃபிளாட்லயாம். பி.எஃப்.ல முதலாளியே 17 பர்சன்ட் போடறாராம்!" என்றான்.

அங்கேதான் கணக்கு இடிக்கிறது. அந்த ஃபிளாட்டும் பி.எஃப்.பும் ஊர்க்காரர்களுக்கு. வேலை பர்மிட்டில் போகிறவனுக்கு ரெண்டும் கிடையாது, வாடகை அறைதான். கார் ஆசையும் வேண்டாம். வண்டி வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டு மட்டுமே 2023 அக்டோபரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. அதுவும் பத்து வருஷத்துக்குத்தான்!

மொரீஷியஸ் என்று தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தேன்.

"தாம்பரத்துல அம்மா தனியா இருக்காங்க மாமா. ராத்திரி போன் வந்தா எங்கேர்ந்து சீக்கிரம் வரலாம்?"

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு நாலு மணி நேரம். இதை நான் எழுதி வைத்த எந்தக் கட்டத்திலும் சேர்க்கவில்லை. அவன் மொரீஷியஸ் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான்.