மூன்று தேர்தல், ஒரு கப்பல்

வாடகைக்காரரைக் காலி பண்ண நோட்டீஸ் விடுவார்கள். அயல்நாட்டுப் படையைக் காலி பண்ண? தேர்தல் வைப்பார்கள்!

1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்துப் போட, அமைதி காக்க இலங்கைக்குப் போனது இந்தியப் படை. அக்டோபரிலேயே புலிகளோடு சண்டை.

1988 டிசம்பரில் கொழும்பில் தேர்தல். ஜெயித்த பிரேமதாசா, 1989 ஜூன் 1-ல் நாளே குறித்துவிட்டார். ஜூலை 29-க்குள் கிளம்புங்கள் என்று. ஒப்பந்தத்தின் இரண்டாவது பிறந்த நாள் சார் அது! லொள்ளைப் பாருங்கள். அதோடு நிற்காமல், இந்தியப் படையை எதிர்க்கப் புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார்.

இங்கே 1989 ஜனவரியில் கலைஞர் முதல்வர். நவம்பரில் டெல்லி, நானூறுக்கு மேல் வைத்திருந்த காங்கிரஸ் 197-க்கு இறங்கியது. தமிழ்நாட்டில் தி.மு.க.வுக்கு ஒரு சீட்டும் இல்லை. ஆனாலும் ராஜ்யசபா வழியாக முரசொலி மாறன் வி.பி.சிங் அரசில் மந்திரி!

வாபஸுக்கு ராஜீவ் அரசே செப்டம்பரில் தலையாட்டியிருந்தது. முடித்துவைத்தவர் வி.பி.சிங். 1990 மார்ச் 24-ல் திருகோணமலையிலிருந்து கடைசிக் கப்பல். சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு முதல்வர் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்பது அவர் வாதம். 1987 தீபாவளியன்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ், நோயாளி என்று பலர் சுடப்பட்டதை நினைத்தால் அதைத் தள்ள முடியாது. ஆனால் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் பறிகொடுத்துத் திரும்பிய சிப்பாய், அங்கே சொந்த முடிவில் போனவனா என்ன?

நான் பி.காம். எனக்கு இடிக்கிற கணக்கு வேறு. 1988 நவம்பரில் இன்னொரு தேர்தல் நடந்தது, வடகிழக்கு மாகாண சபைக்கு. இந்தியப் படையின் காவலில் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவர் வரதராஜப் பெருமாள். படை கிளம்பப் போகிறது என்றதும், பள்ளிக்கூடப் பையன்களைக்கூடப் பிடித்துத் தமிழ்த் தேசிய ராணுவத்தில் சேர்த்தார்கள். 1990 மார்ச்சில் பெருமாள் இந்தியா வந்து சேர்ந்தார். பையன்களில் பலரைப் புலிகள் தீர்த்துக்கட்டினார்கள். அவர்களுக்கு எந்தக் கப்பலில் இடம் போட்டார்கள்? 2021 ஆகஸ்டில் காபூல் விமானத்தின் பின்னால் ஓடியவர்களை டி.வி.யில் பார்த்தபோது, இந்தப் பையன்கள் நினைவுதான் வந்தது.

1990 ஜூனில் கொழும்புக்கும் புலிகளுக்குமே சண்டை. அதே மாதம் கோடம்பாக்கத்தில், பெருமாளின் கட்சித் தலைவர் பத்மநாபா கொலை. 1991 ஜனவரி 30-ல் கலைஞர் ஆட்சி கலைப்பு. மறுபடி தேர்தல்!

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் இறங்கி, ஒரகடம் ரோட்டில் வேலைக்குப் போகும் தம்பிகளே, அந்த ரோடு போய்ச் சேரும் ஊர் ஸ்ரீபெரும்புதூர். ஓட்டுக் கேட்க ராஜீவ் அங்கே வந்தது 1991 மே 21 ராத்திரி. ஆயுதம் கொடுத்த பிரேமதாசா 1993 மே தினம் வரைக்கும் இருந்தார். அன்றைக்கு ஊர்வலத்தில் அவருக்கும் ஒரு மனித வெடிகுண்டு.