தொட்டியைப் பார்த்துவிட்டு உலை வைக்கலாம்

நம் நாட்டில் 'தோட்டம்' என்றால் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ரப்பர் தோட்டம்தான். காய்கறி விளைந்த இடத்துக்குத் தனிப் பெயர்கூடக் கிடையாது. "லயத்துக்குப் பின்னால" என்பார்கள், அவ்வளவுதான். அங்கே ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலு கத்திரி, வேலியில் ஏறிய அவரை, ஓரமாக மரவள்ளி. சம்பளம் பத்தாத மாதக் கடைசியில் குழம்புச் சட்டி காலியாகாமல் இருந்ததற்கு அந்த இடமும் ஒரு காரணம். ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது பலருக்கு மரவள்ளிக்கிழங்குதான் சோறு. 1974இல் துன் அப்துல் ரசாக் அரசாங்கம் 'பச்சைப் புத்தகத் திட்டம்' கொண்டுவந்து, வீட்டைச் சுற்றிக் காய்கறி போடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. லயத்தில் இருந்தவர்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

பிறகு தோட்டங்கள் தாமான்களாக மாறின. நம்மவர்கள் அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். வீடு போனது, கோயில் இடம் மாறியது, பள்ளி இடம் மாறியது என்று நிறையப் பேசியிருக்கிறோம். லயத்துக்குப் பின்னால் இருந்த அந்த நாலு பாத்தி போனதால் நம் தட்டில் என்ன மாறியது என்று அதிகம் பேசியதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கீரை, ஞாயிற்றுக்கிழமை பசாரில் நினைவு வந்தால் வாங்குவது என்றானது.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் இரண்டு எண்கள் என் கண்ணில் பட்டன. மலேசியப் பெரியவர்களில் 95 விழுக்காட்டினர் போதுமான அளவு பழமும் காய்கறியும் சாப்பிடுவதில்லை. இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நாட்டின் மொத்த அளவோ 18.3 விழுக்காடு. சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். நம் வீட்டுத் தட்டை நேர்மையாகப் பார்த்தால் அந்தப் பாதியில் என்ன இருக்கிறது? சாம்பாரில் மிதக்கும் ஒரு கேரட் துண்டு.

நான் இருப்பது பிரிக்பீல்ட்ஸில், பதினோராவது மாடியில். காலை நிகழ்ச்சிக்காக நாலு மணிக்கு எழுகிற ஆள். பால்கனியில் ஒன்பது தொட்டிகள். ஒருநாள் இதை ஒலிவாங்கியில் சொல்லப்போக, புலனத்தில் நேயர்களின் கேள்விகள் வந்து குவிந்தன. பலர் கேட்டது ஒன்றைத்தான்: "இதில் காசு மிச்சமாகுமா?"

பெரிதாக ஆகாது. தொட்டி, மண், எரு எல்லாம் சேர்த்தால் முதல் வருடம் கைக்காசுதான் போகும். மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு கொத்து கறிவேப்பிலைக்காக ஒரு கட்டு வாங்கி, மீதியைக் குளிர்பெட்டியில் கறுக்கவிட்டு எறிகிறோமே, அது நின்றுபோகும். இன்னொன்று, வேலை முடிந்து களைத்து வந்து மேகி கொதிக்க வைக்கும் இரவில்கூட ஒரு கைப்பிடி பச்சை எட்டும் தூரத்தில் இருக்கும். எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய லாபம்.

அதனால் சிறிய இடத்தில் காயைவிடக் கீரைக்கே முதலிடம் கொடுங்கள் என்பேன். கத்திரி இரண்டு மாதத்துக்கு மேல் காக்க வைக்கும். சிறுகீரை விதைத்தால் ஒரு மாதத்துக்குள் குழம்பில் இருக்கும். முருங்கையைத் தொட்டியில் மரமாக வளரவிடாமல் நுனியைக் கிள்ளிக்கொண்டே வந்தால் இடுப்பு உயரத்தில் புதராக நின்று இலை தரும். வெயில் குறைவான பால்கனியா? சாயூர் மானிஸ், பண்டான் இரண்டும் நிழலைப் பொறுத்துக்கொள்ளும். சாயூர் மானிஸை மட்டும் பச்சையாக அரைத்துக் குடிக்க வேண்டாம். 1990களின் நடுவில் தைவானில் உடம்பு இளைக்கும் என்று நம்பி அதன் பச்சைச் சாற்றைக் குடித்தவர்கள் பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. நாம் செய்வதுபோல் முட்டை உடைத்து ஊற்றிப் பிரட்டிச் சாப்பிடுங்கள். முருங்கை சர்க்கரையை விரட்டும் என்று புலனத்தில் வரும் செய்தியையும் நான் யாருக்கும் அனுப்புவதில்லை. கீரை, கீரையின் வேலையைச் செய்யட்டும், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கிள்ளானில் அம்மா வீட்டின் பின்பக்கம் கொஞ்சம் மண் இருக்கிறது. அங்கே மூன்று வெண்டைச் செடிகள். மூன்று செடியில் ஒரு நாளைக்கு இரண்டு காய்தான் கிடைக்கும். "ரெண்டுதானேன்னு விட்டுடாத, பறிச்சு வை" என்பார் அம்மா. பூ உதிர்ந்து நாலைந்து நாளில் வெண்டை பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும். இன்னும் நாலு நாள் விட்டால் நார் ஏறி, கத்திக்கு மசியாது. பறித்துச் சேர்த்தால் மூன்றாம் நாள் ஆறு காய். பிரட்டலுக்குப் பத்தாது, மீன் குழம்புக்குத் தாராளம்.

வீட்டுத் தோட்டச் சமையலின் சூட்சுமமே இதுதான் என்று நினைக்கிறேன். செடி ஒரு முழுக் கறிக்கு ஆகிற அளவைத் தருவதே இல்லை. இன்னொரு கறியின் பாதியைத்தான் தரும். "இன்றைக்கு என்ன சமைக்கலாம்" என்று முடிவு செய்துவிட்டுத் தொட்டிக்குப் போனால் ஏமாற்றம். தொட்டியைப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தால் எல்லாம் சேரும். ஒரு கைப்பிடி முருங்கை இலை பருப்பில், இல்லையென்றால் முட்டையில். பொன்னாங்கண்ணி கொஞ்சமாக இருந்தால் நெத்திலியும் சின்ன வெங்காயமும் அதைப் பெரிதாக்கிவிடும். இரண்டே கத்திரி கருவாட்டுக் குழம்புக்குள். நாலு சில்லி பாடியை நறுக்கிக் கிச்சாப்பில் போட்டால் வெறும் பொரித்த மீனுக்கும் ஒரு வேகம் வரும். பறித்த கீரையில் வைட்டமின் சி மணிக்கணக்கில் குறைந்துகொண்டே போகும் என்பதால், உலை கொதிக்கும்போது பறிப்பதே நல்லது.

அடுக்குமாடிக்காரர்களுக்கு இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் நின்றால் ஏடிஸ் கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். கொசு வளரவிட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. அதைவிட டிங்கிக் காய்ச்சல் மோசம். தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை காய்ந்தாலும் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். என் ஒன்பது தொட்டிக்கும் தட்டே இல்லை, கீழே செங்கல்தான். அடுத்தது, கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே கூடாது. 2018 ஜனவரியில் பந்தாய் டாலாம் அடுக்குமாடி ஒன்றில் மேலிருந்து வந்த நாற்காலி 15 வயதுப் பையனின் உயிரைக் குடித்ததை நாம் மறக்கவில்லை.

பால்கனியே இல்லாதவர்களுக்கு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து சற்றுத் தூரத்தில் கெபுன்-கெபுன் பாங்சார் இருக்கிறது. நிலவடிவமைப்பாளர் இங் செக் சான் 2017இல் தொடங்கிய சமூகத் தோட்டம். உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே சும்மா கிடந்த சரிவில் இன்று காய்கறியும் ஆடும் தேனீயும் இருக்கின்றன. பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை காலையில் கூட்டிப்போங்கள். வெண்டைக்காய் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து காய்க்கும் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த புதிதில், கேமரன் மலையில் விவசாயிகள் விற்க வழியில்லாமல் காய்கறியைக் கொட்டினார்கள். அதே நாட்களில் கோலாலம்பூரில் நாம் கீரைக்கு அலைந்தோம். ஒன்பது தொட்டி ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டுவிடாது. அந்த வாரங்களில் என் ரசத்துக்குக் கறிவேப்பிலையும் மல்லியும் இருந்தன, அவ்வளவே.

தொடங்க விதைகூட வேண்டாம். அடுத்த முறை மேரு பசாரிலோ பிரிக்பீல்ட்ஸ் கடையிலோ பொன்னாங்கண்ணி வாங்கினால் இலையை ஆய்ந்து சமைத்துவிட்டு, முற்றிய தண்டில் ஒரு சாண் நீளத்துக்கு ஐந்தாறு துண்டு எடுத்து வையுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஈர மண்ணில் செருகி, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். துளிர் வந்ததும் வெயிலுக்கு மாற்றலாம். ஒரு மாதம் போனால் முதல் கைப்பிடி தேறும். நெத்திலியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.